ஏழு சாற்றுகவியும் ஜமேதார் ஹாஷிமும்

எங்கள் காலத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் சாற்றுகவி இல்லாமல் வெளியே வருவதென்பது, அழைப்பில்லாமல் கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. நாலு வித்துவான்களாவது முன்னால் நின்று, நூலாசிரியர் இன்ன ஊரார், இன்னார் மகன், கல்வியிலே கடல், கொடையிலே மழை என்று பாடிக் கொடுக்க வேண்டும். அதெல்லாம் அச்சான பிறகுதான் ஆசிரியர் வாயைத் திறக்கலாம். கண்டியில் நான் அச்சகம் வைத்திருந்த பதினாறு வருஷத்தில் மாட்டு வைத்தியக் கைநூலுக்குக்கூட ஐந்து பேர் பாடியிருக்கிறார்கள். சாற்றுகவி இல்லாமல் என் அச்சகத்திலிருந்து வெளியே போன தமிழ் எழுத்து, பஸ் நேர அட்டவணை ஒன்றுதான்.

கட்டுகஸ்தோட்டை ஜமேதார் ஹாஷிம் 1932ஆம் வருஷம் எழுதிய புத்தகத்துக்கு ஏழு சாற்றுகவிகள் வந்தன. ஏழாவது நான் பாடியது. என் பெயர் சண்முகநாதன், யாழ்ப்பாணத்தான், அச்சகம் தொடங்குமுன் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவன். அந்த ஏழு கவியால் நடந்த கூத்தைக் கண்டியில் பலர் பலவிதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் யாரும் அன்று அந்த வீட்டில் இருக்கவில்லை. நான் இருந்தேன். அந்தப் புத்தகம் ஊருக்காக எழுதப்பட்டதல்ல என்பதும் எனக்குத் தெரியும். அது ஒரே ஒருத்தியின் காதில் விழ வேண்டும் என்று எழுதப்பட்டது. அவள் ஹாஷிமின் மனைவி கைரியா.

ஹாஷிம் 1916இல் மாமாவின் கடைக்குத் துணி வாங்கப் பம்பாய்க்குப் போனவர். துணி வரவில்லை, கடிதம்தான் வந்தது. ஆங்கிலமும் இந்துஸ்தானியும் சரளமாகப் பேசக்கூடிய இருபத்துநாலு வயது இளைஞனை அந்த யுத்த காலத்தில் பம்பாய்த் தெருவில் யார் சும்மா விடப்போகிறார்கள்? இந்தியப் படையில் ஜமேதாராக எடுத்துவிட்டார்கள். ஜமேதார் என்றால் அதிகாரி, சிப்பாய்கள் சலாம் போட வேண்டிய ஆள். கட்டுகஸ்தோட்டையில் இதன் அர்த்தம் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. சொல்லில் ஒரு கனம் இருந்தது, அது போதுமாக இருந்தது.

மூன்று வருஷம் ஈராக்கில் பஸராவில் இருந்துவிட்டு, ஒரு பதக்கமும் ஒரு சோடி சப்பாத்தும் தோளில் ஒரு நிமிர்வுமாக ஊருக்கு வந்தார். ஊர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பது. "ஒருத்தரயும் சுடல்ல" என்றார். அது சுத்தமான உண்மை. ஆனால் அங்கே எதிரிகள் துருக்கியர், கலீபாவின் ஆட்கள். ஒரு முஸ்லிம் அவர்களைச் சுட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வானா, அதனால்தான் மறைக்கிறார் என்று ஊர் தானாகவே முடிவு கட்டியது. அவர் மறுக்க மறுக்க, கொல்லப்பட்டவர்களின் தொகை கூடிக்கொண்டே போனது. ஒரு வருஷத்துக்குள் அவர் தனியாளாக ஒரு பீரங்கியைப் பிடித்திருந்தார். கடைசியில் மனிதர் அலுத்துப்போய் மறுப்பதை விட்டுவிட்டார். அவர் செய்த முதல் பிழை அதுதான்.

பீரங்கி பிடித்த கதை பக்கத்து ஊரான கலகெதரவுக்கும் போனது. அங்கே ஒரு வியாபாரி தம் மகள் கைரியாவை ஜமேதாருக்குக் கட்டிக் கொடுத்தார். கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் புது வீடு ஒன்றும் கட்டிக் கொடுத்தார். கல்லிலிருந்து கிணறுவரை தாமே நின்று பார்த்துச் செய்வித்த வீடு. ஹாஷிம் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்தார். வாளி வாங்க வருகிறவர்கள் முன்னால், ஒவ்வொரு வாளியையும் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டுத்தான் கொடுப்பார். பட்டாளத்து ஒழுங்கு என்று ஊர் மெச்சியது.

கைரியாவின் அண்ணன் முனாப் கலகெதரக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமேதாரின் மச்சான் என்பது அவருக்கு ஒரு உத்தியோகம் மாதிரி. கலகெதரவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்து ஆசனம் அவருக்கென்றே விடப்பட்டிருக்கும். 'இருக்கிறது' என்பதை 'ஈக்கிது' என்னும் அவர்கள் பேச்சில் பீரங்கிக் கதையை அவர் சொல்லும்போது நானே இரண்டு தடவை வாய் பிளந்து கேட்டிருக்கிறேன்.

1932 மாசியில் ஹாஷிம் நாலு கொப்பிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மேல் கொப்பியில் 'பஸரா அறிக்கை' என்று எழுதியிருந்தது.

"இதென்ன பேர், ஜமேதார்? பஸரா வீர சரித்திரம் எண்டு வைப்பம். கேக்க நல்லாயிருக்கும்" என்றேன்.

"அறிக்கைதான் மாஸ்டர். வேற பேர் வேணாம்" என்றார்.

நான் வாசிக்கவில்லை. அச்சுக்காரன் ஒரு நூலை முதலில் வாசிக்கமாட்டான். எழுத்துக் கோர்க்கும்போது வேண்டாம் வேண்டாம் என்றாலும் எழுத்தெழுத்தாக வாசித்துத்தானே ஆக வேண்டும். அந்த வாரமே முனாப் துருக்கித் தொப்பியோடு வந்து, சாற்றுகவி வாங்கும் பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டதாக அறிவித்தார். அவரும் வாசிக்கவில்லை. ஆறு பேருக்குக் கடிதம் போட்டார். கவி பாடுகிறவர்களுக்கு நூலை அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. நூலாசிரியரின் பெருமையை அனுப்பினால் போதும், அது முனாபிடம் தாராளமாக இருந்தது.

கவிகள் வந்து சேர்ந்தன. முதலாவது அக்குறணையில் மார்க்கம் படித்த ஒரு ஆலிம் பாடியது. அல்லாஹ்வைப் புகழ்ந்து, ரஸூல்மீது ஸலவாத்துச் சொல்லி, கடைசி அடியில் மட்டும் ஜமேதாருக்கு நீண்ட ஆயுளைக் கேட்டு முடித்திருந்தார். பெரிய மனிதர், தெரியாததைப் பாடவில்லை. இரண்டாமவர் வத்தேகமவில் ஒரு வாத்தியார். அவர் ஹாஷிமை வெள்ளைக் குதிரையில் ஏற்றிவிட்டார். மூன்றாமவர் குதிரையைக் கொடுக்காமல் கால்நடையாகவே முந்நூறு பேரை வெட்ட வைத்தார். நாலாமவர் துருக்கியர் விஷயத்தில் மாட்டிக்கொள்ளப் பயந்து, பஸராவுக்கு ஜெர்மன்காரர்களை வரவழைத்துக் கொன்றார். ஐந்தாமவர் எதுகைக்கு வசதியாகப் பஸரா ஆற்றுக்கு மகாவலி என்று பெயர் வைத்துவிட்டார். ஆறாவது கவியில் முக்கால்வாசி முனாபைப் பற்றியது.

ஏழாவதாக நான் ஒரு வெண்பா செய்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் செய்த வெண்பா. அதை இங்கே எழுத எனக்கு ஆசைதான், கதை கெட்டுவிடும் என்பதற்காக விடுகிறேன்.

ஏழு கவியையும் நல்ல தாளில், பூங்கொடிக் கரையெல்லாம் போட்டு, முதலில் அடித்து முடித்தேன். பிறகு சாவகாசமாக முதல் கொப்பியைத் திறந்து, எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "ஆயிரம் பேருக்கு எண்பது கக்கூஸ் குழி வேண்டும்."

ஏதோ கணக்குக் கொப்பி மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் குழியின் நீளம், அகலம், ஆழம். அதற்கடுத்த பக்கத்தில் மண்ணை எந்தப் பக்கம் குவிக்க வேண்டும் என்பது. இரண்டாவது கொப்பி முழுவதும் ஈ. ஈ எங்கே முட்டையிடும், எத்தனை நாளில் பொரிக்கும், அதிகாலையில் கூடாரத்தின் எந்தத் துணியில் தூங்கும் என்பதெல்லாம் இருந்தது. மூன்றாவது கொப்பி தண்ணீர். குதிரை எங்கேயாவது வருகிறதா என்று தேடினேன். ஒரு இடத்தில் வந்தது. அதன் லத்தியை முகாமுக்கு வெளியே எரிக்க வேண்டும் என்றிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கையில் மையோடே கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். கடையில் ஹாஷிம் ஒரு வாளியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஜமேதார், இதென்ன எழுதியிருக்கிறியள்? நீங்கள் பஸராவில உண்மையாய் என்ன செய்தனீங்கள்?"

வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். "சுகாதாரப் பிரிவு, மாஸ்டர். எனக்குக் கீழ அறுவது பேர், முந்நூறு வாளி. நாலாயிரம் பேர் ஈக்கிற முகாம். ரெண்டாவது கோடையில வாந்திபேதி வந்திச்சி. பக்கத்து முகாம்ல மையத்து ஏத்த வண்டி போதல்ல. எங்கட முகாம்ல பதினொரு பேர்தான். அதுல ஆறு பேர் நாங்க போக முந்தியே கெட்ட தண்ணி குடிச்சவங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பீரங்கிக் கதையை ஊரார் சொல்லும்போது ஒருநாளும் இல்லாத ஒரு பிரகாசம் அதில் இருந்தது. பதினொரு பேர் என்பதைப் பதினொரு தடவை வேண்டுமானாலும் சொல்லியிருப்பார். இவர் உண்மையிலேயே அதிகாரிதான் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அதைச் சொல்லாமல், என் வெண்பாவின் கதி என்ன என்று கேட்டேன்.

"கவிகள எடுத்துருங்க" என்றார்.

"அச்சாகிப் போச்சு."

"அந்தக் கவிய முன்னால வாசிச்சா, மறுகா யாரு மாஸ்டர் கக்கூஸ் குழியக் கேக்கப் போற? கைரியாக்கு இந்தப் புஸ்தகம் கடசி வரைக்கும் கேக்கோணும். நாலாவது கொப்பிய வாசிச்சிட்டு வந்து பேசுங்க."

அச்சகத்துக்குத் திரும்பி வந்து நாலாவது கொப்பியை எடுத்தேன். அதில் பஸரா இல்லை. 'என் வீட்டுக் கிணறு' என்று தலைப்பு. பட்டாளத்து அறிக்கை எழுதும் அதே நடையில், நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தார்.

"1920ஆம் வருஷம் நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். முதல் நாள் காலையில் பின்வாசலில் நின்று பார்த்தேன். கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையில் பதினெட்டு அடி. குழி மேட்டில், கிணறு பள்ளத்தில். நூறு அடிக்குக் குறையக் கூடாது என்பது விதி. பஸராவில் ஒரு சிப்பாய் இப்படித் தோண்டியிருந்தால் அவனுக்குத் தண்டனை எழுதியிருப்பேன். இங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. குழியும் கிணறும் மாமனார் தாமே நின்று தோண்டுவித்தவை. இதெல்லாம் மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டி வரும் என்று பயந்தேன். 1924ஆம் வருஷம் என் மகன் ஹுஸைன், வயது இரண்டு, வயிற்றோட்டம் கண்டு நாலாம் நாள் மௌத்தானான். தண்ணீரைக் கொதிக்க வைக்கும்படி நான் சொன்னது மூன்றாம் நாள். வைத்தியர் சொன்னார் என்று பொய் சொல்லித்தான் அதையும் சொன்னேன். அன்றிலிருந்து தண்ணீர் கொதிக்க வைக்கப்படுகிறது, குழி அதே இடத்தில்தான் இருக்கிறது. தவறு முழுவதும் என்னுடையது. மேலதிகாரியின் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்."

மேலதிகாரி யார் என்று எழுதவில்லை. எனக்கு விளங்கியது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். நெற்றியெல்லாம் மை.

அந்த வீட்டில் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாருடைய வாப்பா என்பார்கள். பிறகு ஒரு மகள் பிறந்து வளர்ந்து ஓடித் திரிந்தபோதும் கைரியாவுக்கு அவர் "ஹுஸைன்ட வாப்பா"தான். சோறு போடும்போதும், கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லும்போதும், நாளுக்குப் பத்துத் தடவை அந்தப் பெயர். எட்டு வருஷமாக அந்த மனிதர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் போய், நேரே மனைவியிடம் சொன்னால் என்ன, இதற்கு ஒரு புத்தகம் எதற்கு என்று கேட்டேன்.

"சொல்லத்தான் போற. வாயத் தொறந்தா 'மழ வரும் போல ஈக்கிது' எண்டுதான் வார. எழுதினா ஓட ஏலா, மாஸ்டர்."

கொப்பியைக் கையில் கொடுக்கவும் வழியில்லை. கைரியா தமிழை அரபு எழுத்தில் எழுதினால் மளமளவென்று வாசிப்பாள், நம்முடைய எழுத்துத் தெரியாது. அந்தக் காலத்து முஸ்லிம் பெண்களில் பலர் அப்படித்தான். ஹாஷிமுக்கு அப்படி எழுத வராது, என்னிடம் அரபு அச்செழுத்தும் இல்லை. ஆகவே யாராவது சபையில் வாசிக்க, அவள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்க வேண்டும். வாசிக்கிறவர் முனாப். குடும்பத்தில் குரல் உள்ளவர் அவர்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது நான் கவிகளை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. தாள் வீணாகும், வித்துவான்கள் கோபிப்பார்கள் என்று காரணங்கள் சொன்னேன். உண்மை என்னவென்றால், என் வெண்பாவைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கை ஒரு பக்கம், என்னுடைய நாலு அடி ஒரு பக்கம், நான் நாலு அடியின் பக்கம் நின்றேன். ஹாஷிம் என்னை வற்புறுத்தவில்லை. அவருக்கே உள்ளூர ஒரு நிம்மதி இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, ஹாஷிம் வீட்டில் வாசிப்பு. முன்மண்டபத்தில் முப்பது கதிரை. உள்வாசலில் பச்சைத் திரை, அதற்குப் பின்னால் பெண்கள். முனாப் நடுவில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பிஸ்மி சொல்லி, ஆலிமின் கவியைப் பாடினார். நல்ல குரல், நான் பொய் சொல்லமாட்டேன். சபை சேர்ந்து ஸலவாத்துச் சொன்னது. பிறகு வெள்ளைக் குதிரை வந்தது. முந்நூறு பேர் விழுந்தார்கள். ஜெர்மன்காரர்கள் விழுந்தார்கள். ஆறாவது கவியை முனாப் இரண்டு தடவை பாடினார். என் வெண்பாவை மூச்சு வாங்க ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டார், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முடித்ததும் புத்தகத்தை மூடித் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"மச்சான்ட வீரத்த எல்லாரும் கேட்டீங்க. மிச்சத்த ஆறுதலா வாசிச்சிக்கொள்ளலாம். இனி சாப்பாடு."

கதிரைகள் அசைந்தன. ஹாஷிம் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, அண்ணனை அழைக்கும் கைரியாவின் குரல் வந்தது.

"நானா, ஏன் புஸ்தகத்த மூடின?"

"கவி முடிஞ்சி, தங்கச்சி."

"ஸலவாத்தோட தொடங்கின புஸ்தகம். எங்கட உம்மா ஈந்திருந்தா பாதியில மூட விட்டீப்பாவா? கடசி ஏடு வரைக்கும் வாசிங்கோ. மறுகாதான் சாப்பாடு."

அவர்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அல்லாஹ் ரஸூலின் புகழோடு ஆரம்பித்த எந்த நூலையும் முடிக்காமல் மூடினால் வீட்டுக்கு ஆகாது. ஹாஷிம் எழுதியது நேரே கக்கூஸில் தொடங்கியது, அதை எந்தப் பக்கத்திலும் மூடியிருக்கலாம். ஆலிமின் கவி முன்னால் இருந்ததால் மூட முடியாமல் போயிற்று. இதை நான் திட்டமிட்டுச் செய்ததாகப் பிற்காலத்தில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

முனாப் புத்தகத்தைத் திறந்தார். கவிக்குப் போட்ட ராகம் தொண்டையில் மிச்சம் இருந்தது. அதே ராகத்தில், கையை உயர்த்தி, "ஆயிரம் பேருக்கு எண்பது" என்று இழுத்தார். எண்பது வாள் என்றுதான் சபை எதிர்பார்த்தது. அடுத்த சொல்லில் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு ஏட்டைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். யுத்தத்தைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஈயும் வாளியும் சுண்ணாம்பும்தான் அகப்பட்டிருக்கும். நெற்றி வேர்த்து, தொப்பியின் குஞ்சம் ஆட, என்னைப் பார்த்தார்.

"அச்சுப் பிழ ஈக்கிது" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியும். ஆனால் என் அச்சில் பிழை என்று சபையில் ஒருவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருப்பதா?

"என்ர அச்சில ஒரு பிழையுமில்லை. அது கக்கூஸ்தான். நானே கோர்த்தனான்" என்றேன்.

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாஷிம் எழுந்து வந்து முனாபின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். நின்றுகொண்டே, ராகமில்லாமல், அணிவகுப்பில் கட்டளை வாசிக்கிற குரலில் முதலிலிருந்து தொடங்கினார்.

முதல் அரைமணி நேரம் சபை தரையைப் பார்த்தது. ஆனால் ஈக்களைப் பற்றி வந்தபோது, ஒரு முதியவர் தம் வீட்டு மாட்டுக் கொட்டிலைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டார். ஹாஷிம் பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். பிறகு இன்னொருவர் சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டார். வாந்திபேதிக் கோடை வந்தது. "பதினொரு பேர்" என்று அவர் வாசித்தபோது மண்டபத்தில் யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். முனாப் மட்டும், தம் கண்முன்னால் பீரங்கி உருண்டு போவதைப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

மூன்று கொப்பியும் முடிந்தன. ஹாஷிம் நிறுத்தினார். அடுத்த ஏட்டைப் புரட்டினார்.

"மிச்சம் ஈக்கிற, இந்த வீட்டப் பத்தினது" என்றார்.

"வாசிங்கோ, ஹுஸைன்ட வாப்பா" என்றாள் கைரியா.

வாசித்தார். பதினெட்டு அடி என்பது வந்தது. மாமனார் தோண்டுவித்தது என்பது வந்தது. முனாப் துள்ளி எழுந்தார். "எங்கட வாப்பாவயா சபையில" என்று ஆரம்பித்தார்.

"நானா, இரிங்கோ" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "புஸ்தகம் முடியல்ல."

முனாப் உட்கார்ந்தார். பிள்ளையின் பெயர் வந்தது. நாலு நாளும் ஒவ்வொன்றாக வந்தன. ஹாஷிம் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. மூன்றாம் நாள் என்பதை வாசித்தபோது மட்டும் குரல் கீழே போய்விட்டது, அந்த வரியைத் திரும்பவும் உரக்க வாசித்தார். கையெழுத்தும் திகதியும் வரை வாசித்துப் புத்தகத்தை மூடினார்.

திரை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சாப்பாடு வந்தது, அதற்குப் பின்னால் வட்டிலப்பம் என்ற இனிப்பு வந்தது. கைரியா வெளியே வரவில்லை, ஆனால் வந்தவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினாளாம். வட்டிலப்பத்தில் முட்டை உண்டு. நான் சைவம். கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் இரண்டு துண்டு சாப்பிட்டதை நான் கவனிக்கவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராக ஹாஷிமின் கையைப் பிடித்துவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது நாள் ஒரு செய்தியும் இல்லை. கடை பூட்டிக் கிடப்பதாக மட்டும் பஸ்காரர்கள் சொன்னார்கள். மனிதர் ஊரை விட்டே போய்விட்டாரோ, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டாரோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தாம் நாள் காலை, கட்டி முடித்த புத்தகங்களில் ஐம்பதைச் சுமந்துகொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். முன்வாசலில் ஆளில்லை. பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

கிணற்றடியில் முளை அடித்து, அதிலிருந்து ஒரு கயிறு தோட்டத்தின் கடைசி வேலி வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. வேலி ஓரத்தில் ஒரு குழி. குழிக்குள் சாரத்தை மடித்துக் கட்டிய ஹாஷிமின் தலை தெரிந்தது. மேலே, துருக்கித் தொப்பி இல்லாமல், முழங்கால் வரைக்கும் மண்ணோடு முனாப் நின்று வாளி வாளியாக மண்ணை இழுத்துக்கொண்டிருந்தார். பழைய குழி தூர்ந்து, மேலே சுண்ணாம்பு வெள்ளையாகக் கிடந்தது. கைரியா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள்.

என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு, கிணற்றுப் பக்கம் பார்த்தபடி பேசினாள்.

"மாஸ்டர், அந்தக் கயித்த மிதிக்க வேணாம்."

காலை எடுத்துக்கொண்டேன். "கூலிக்கு ஆள் பிடிக்கலாமே. நடுவில கல்லெல்லாம் கிடக்கும்" என்றேன்.

"அறிக்க எனக்குத் தந்தது. நடவடிக்க நான் எடுக்கிற" என்றாள்.

எழுந்து போய் ஒரு கோலைக் குழிக்குள் விட்டு ஆழத்தை அளந்தாள். "இன்னம் தோண்டுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒன்பது நாளாக ஜமேதாரிடம் அவள் பேசிய பேச்சு, குழியின் அளவும் அந்த இரண்டு சொல்லும்தான் என்று முனாப் என் காதில் சொன்னார். தமக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்றார்.

நான் புத்தகக் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழியின் விளிம்பில் குந்தினேன். ஹாஷிமின் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. கிணற்றிலிருந்து நூறு அடி போதும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், இது கூடத் தெரிகிறதே என்றேன். நூற்றிருபது என்றார், கயிற்றைப் பிடித்து நடந்தது அவள் என்றார். நான் குரலைத் தாழ்த்தி, அந்தப் பெண்ணின் கோபம் கொஞ்சமாவது தணிந்ததா என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றி, குழியின் சுவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"எட்டடி சொல்லீக்கிறா, மாஸ்டர். அஞ்சுதான் ஆகீக்கிது" என்றார்.